நீலச் சட்டை அணிவகுப்பு

திருடனைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு கண் டாக்டரே சொன்ன பிறகு, அதற்கு மேல் எதற்குத் துப்பறிய வேண்டும் என்பது ஏட்டையாவின் வாதம். மதியச் சாப்பாடு வயிற்றில் இறங்கி, இமைகள் கேட்காமலே கீழே வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அது அசைக்க முடியாத வாதமாகவே அவருக்குத் தெரிந்தது.

"பல் டாக்டர் சொல்லியிருந்தாக்கூட யோசிக்கலாம் மேடம். இவர் கண்ணுக்கே டாக்டர்."

இன்ஸ்பெக்டர் பதில் சொல்லவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றி, மோவாயைக் கையில் ஏந்தி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டையாவும் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில் சுவர்தான் இருந்தது.

அவளுடைய இந்த மௌனம் அவருக்கு ஆகாது. எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்துவிட்டார். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்வது? மாலைக் கல்லூரியில் சேர்ந்து உளவியல் முதுகலை படிக்கிறாள் என்பதால் ஸ்டேஷனில் அவளுக்கு 'புரொபசர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் ஏட்டையாதான். வைத்தவர் யார் என்று அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவருடைய நம்பிக்கை.

வழக்கு எளிமையானது. இரண்டாவது மாடியில் டாக்டரின் கண் மருத்துவமனை. முந்தின நாள் மாலை லிஃப்ட் பழுது பார்ப்பதற்காக மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறான். அதோடு மாடிப்படி விளக்குகளும் அணைந்துவிட்டன. அந்த இருட்டில் யாரோ ஸ்டோர் அறைக்குள் புகுந்து, அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்கள் கொண்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடியிருக்கிறார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர், படி திரும்பும் இடத்தில் நீலச் சட்டைக்காரன் ஒருவனைப் பார்த்தார். கட்டடத்தில் இருந்த ஒரே வெளியாள் மெக்கானிக். அவன் போட்டிருந்ததும் நீலச் சட்டை. பெட்டி மட்டும் கிடைக்கவில்லை. இன்று காலை அடையாள அணிவகுப்பு நடத்தினார்கள். டாக்டர் வரிசையைப் பார்த்தார், நேராகப் போனார், மெக்கானிக்கின் தோளைத் தொட்டார்.

காலையில் இன்ஸ்பெக்டர் வேறு வழக்குக்காக நீதிமன்றம் போயிருந்ததால், அணிவகுப்பை ஏற்பாடு செய்தது ஏட்டையா. நடத்தியது டி.எஸ்.பி.

"வரிசையில நின்ன மத்த அஞ்சு பேர் யாரு ஏட்டையா?" சுவரிடமிருந்து அவள் ஒருவழியாகத் திரும்பினாள்.

"நம்ம பசங்கதான் மேடம். அதே உயரம், அதே வயசு. அஞ்சு பேருக்கும் நீலச் சட்டை தேடி அலைஞ்சேன் பாருங்க, என் பொண்ணுக்கு வரன் தேடினப்பகூட அவ்வளவு அலையலை."

"அஞ்சு பேருமே போலீஸா?"

"வெளியாள் எவன் வருவான்? திருடன் பக்கத்துல கொஞ்சம் நில்லுப்பான்னு கூப்பிட்டா, கூப்பிட்டவனையே ஒரு மாதிரி பார்ப்பான். எப்பவும் நம்ம ஆளுங்கதான் நிப்பாங்க. வழக்கம்தானே."

அவள் எழுந்தாள். அவள் எழுந்த விதத்தில், இன்றைக்குக் கண்ணயர வழியில்லை என்று ஏட்டையாவுக்குப் புரிந்துவிட்டது.

லாக்கப்பில் மெக்கானிக் தரையில் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் கிரீஸ் கறை காய்ந்திருந்தது.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ராத்திரி உள்ள வைப்பீங்களா?"

"நாங்க வைக்க மாட்டோம்பா. நாலு மணிக்கு மாஜிஸ்திரேட்கிட்ட கூட்டிட்டுப் போவோம். அவர் வைப்பார்," என்றார் ஏட்டையா.

அவன் சிரிக்கவில்லை. "லிஃப்ட் மெஷின் மொட்டை மாடியிலதான் இருக்கும். ஊர்ல பாதிக் கட்டடங்களோட சாவி என்கிட்ட இருக்கு சார். ஜெயிலுக்குப் போனவன்கிட்ட எவன் சாவி கொடுப்பான்? சாயந்திரம் வரைக்கும் பார்ப்போம்னு கம்பெனியில சொல்லியிருக்காங்க. ரிமாண்டுன்னு தெரிஞ்சா அப்பவே வேற ஆளைப் போட்டுடுவாங்க. எனக்கு இதை விட்டா வேற வேலை தெரியாது."

இன்ஸ்பெக்டர் கேட்டாள்: "காலையில வரிசையில நின்னப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"என்ன பண்ண மேடம். நின்னேன். கழுத்துல அரிச்சுது, சொறிஞ்சேன்."

"மத்தவங்க?"

"அவங்க என்னமோ கொடி ஏத்துற மாதிரி நின்னாங்க."

இன்ஸ்பெக்டர் ஏட்டையாவைப் பார்த்தாள். ஏட்டையா தன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

டி.எஸ்.பி.யின் அறையில் மின்விசிறிக்குக்கூட உரக்கச் சுழலத் தைரியம் கிடையாது. பள்ளிப் படிப்போடு காவல் துறைக்கு வந்து, கடைசிப் படியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறியவர் அவர். அவருடைய மேசையின் ஓரத்தில், இன்ஸ்பெக்டர் இரண்டாம் ஆண்டு படிப்பைத் தொடர அனுமதி கேட்டு வைத்த கோப்பு ஒரு மாதமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, திருடன் என்ன புத்தகம் படிச்சிட்டா திருடப் போறான்? நீ ஏன் படிச்சிட்டுப் பிடிக்கணும்னு நிக்கிற?"

"திருடனுக்காகப் படிக்கலை சார். சாட்சிக்காகப் படிக்கிறேன்."

"சாட்சிக்கு என்ன? பார்த்தார், காட்டினார்."

"அவர் யாரைக் காட்டினார்னு தெரியும் சார். எதைப் பார்த்துக் காட்டினார்னு தெரியலை. அதே ஆறு பேரை மறுபடி நிக்க வைங்க. சம்பவத்தைப் பார்க்கவே பார்க்காத ஆளுங்களைக் கூப்பிடுறேன். இதுல திருடன் யாருன்னு ஊகிச்சுச் சொல்லச் சொல்றேன். வரிசை சரியா இருந்தா, ஆளுக்கு ஒருத்தரைக் காட்டுவாங்க. எல்லாரும் ஒரே ஆளைக் காட்டினா, கோளாறு வரிசையில இருக்கு."

டி.எஸ்.பி. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு ஏட்டையாவைப் பார்த்தார். "யோவ், பார்த்தவன்கிட்ட கேக்கறது போலீஸ். பார்க்காதவன்கிட்ட கேக்கறது என்னய்யா?"

"ஜோசியம் சார்," என்றார் ஏட்டையா, பட்டென்று.

"இதைத்தான் காலேஜ்ல சொல்லிக் கொடுக்கிறாங்களா?"

"ஆமா சார்," என்றாள் அவள். "இதையேதான்."

டி.எஸ்.பி. அந்தக் கோப்பை எடுத்து, மேசையின் நடுவில் வைத்தார். "நாலு மணிக்கு வேன் கிளம்பும். அதுக்குள்ள உன் ஜோசியத்தை முடி. பலிக்கலைன்னா இந்தக் கோப்பு அடி டிராயருக்குப் போகும். நீயும் சாயந்திரம் நேரத்தோட வீட்டுக்குப் போய்த் தூங்கு."

பார்க்காத ஆட்களைப் பிடிப்பதில் ஏட்டையாவுக்குச் சிரமமே இருக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் விசாரித்தவர்கள் எல்லோரும் எதையும் பார்க்காதவர்கள்தானே. தபால் கொடுக்க வந்த கூரியர்காரரைப் பிடித்தார். பக்கத்து வீட்டு நாய் தன் செடிகளைத் தோண்டுகிறது என்று புகார் கொடுக்க வந்த அம்மாளைப் பிடித்தார். எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர், வேறு வழக்குக்கு வந்திருந்த ஒரு வக்கீல், தண்ணீர் கேன் போட வந்தவர் என்று ஒரு குட்டிக் கூட்டமே சேர்ந்துவிட்டது.

பின்கட்டு அறையில் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரும் நீலச் சட்டை. தன் ஏற்பாட்டை ஏட்டையா ஒரு தகப்பனின் பெருமையோடு பார்த்தார். டி.எஸ்.பி. சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நாய்ப் புகார் அம்மாள் முதலில் வந்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையை ஒரு பார்வை பார்த்தார். ஒரே பார்வைதான். "இவன்தான்," என்று மெக்கானிக்கைக் காட்டினார். "நிக்கிற லட்சணத்தைப் பாரு. நாயை அவுத்து விட்டதும் இவனாத்தான் இருக்கும்."

"நாய் தனிக் கேஸும்மா," என்று ஏட்டையா அவரை வெளியே அனுப்பினார்.

மெக்கானிக்கை இன்ஸ்பெக்டர் இடம் மாற்றி ஓரத்தில் நிறுத்தினாள். வக்கீல் வந்தார். ஓரத்தைக் காட்டினார். நடுவில் நிறுத்தினாள். தண்ணீர் கேன்காரர் நடுவைக் காட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக ஆராய்ந்தார். ஏட்டையாவுக்கு நம்பிக்கை பிறந்தது. அவரும் மெக்கானிக்கைத்தான் காட்டினார்.

மெக்கானிக்கின் முகம் வாடிக்கொண்டே வந்தது. "என்ன சார், எல்லாருமே என்னையே சொல்றாங்க," என்றான் ஏட்டையாவிடம், மெல்ல.

"அதான்பா உனக்கு நல்லது," என்றார் ஏட்டையா. சொன்ன பிறகுதான், தான் எந்தப் பக்கம் பேசுகிறோம் என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

கூரியர்காரர் கடைசியாக வந்தார். அவசரத்தில் இருந்தார். உள்ளே நுழைந்தபடியே மெக்கானிக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏன் அவரைச் சொல்றீங்க?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"மத்த அஞ்சு பேரும் போலீஸ்காரங்களாச்சே மேடம்."

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டி.எஸ்.பி.யின் நாற்காலி.

"எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க. அஞ்சு பேரும் ஒரே கடையில ஷூ வாங்கியிருக்காங்க. ஒரே ஆள்கிட்ட முடி வெட்டியிருக்காங்க. இந்த மேடம் ஒரு அடி எடுத்து வச்சதும் அஞ்சு பேர் குதிகாலும் ஒட்டிக்கிச்சு. இவர் ஒருத்தர்தான் மனுஷன் மாதிரி நிக்கிறார்."

ஏட்டையா தன் பையன்களைப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. சட்டைகளை மாற்றத்தான் அவர் அலைந்திருந்தார். சட்டைக்குள் இருந்த ஆளை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. காலையில் டாக்டரோடு டி.எஸ்.பி.யே உள்ளே வந்தபோது இவர்கள் எப்படி விறைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். இதற்கு மெக்கானிக்கின் தலையில் ஒரு விளக்கைக் கட்டி விட்டிருக்கலாம்.

"அப்போ டாக்டர் பொய் சொல்றாரா?" டி.எஸ்.பி.யின் குரலில் பழைய காரம் இல்லை.

"இல்லை சார். இருட்டுல ஒரு நீலச் சட்டையைப் பார்த்தார். முகம் பாதிதான் தெரிஞ்சிருக்கும். ஆளைப் பிடிச்சிட்டோம், வந்து காட்டுங்கன்னு நாம கூப்பிட்டோம். நாம பிடிச்ச ஆள் யாருன்னு கண்டுபிடிச்சார். சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கார்."

அப்போதுதான் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்த டாக்டர் வந்து சேர்ந்தார். கூடவே, அவரைக் காரில் அழைத்து வந்த அவருடைய மாப்பிள்ளை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர்களுக்குப் பின்னால், மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காரும் பெண். சம்பவத்தின்போது பின்னறையில் இருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் அவள் சொல்லியிருந்தாள்.

பின்கட்டு அறையில் நடப்பதைக் கேள்விப்பட்ட மாப்பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நானும் ஒரு கை பார்க்கலாமா மேடம்? நானும்தான் எதையும் பார்க்கலை. கடையில வியாபாரம் பார்த்துட்டிருந்தேன்."

"தாராளமா," என்றாள் இன்ஸ்பெக்டர்.

அவர் வந்தார், விரலை நீட்டினார், மெக்கானிக். போன் அடிக்கவே வெளியே போனார். ஏட்டையாவுக்குக் கொட்டாவி வந்தது.

"நீங்களும் வாங்க," என்று அந்தப் பெண்ணை அழைத்தாள் இன்ஸ்பெக்டர். "சும்மா ஊகிச்சுச் சொன்னாப் போதும். இதுல யாரா இருக்கும்?"

அந்தப் பெண் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டே வரிசையின் முன் நின்றாள். மெக்கானிக்கை ஒருமுறை பார்த்தாள். உடனே பார்வையை இறக்கிக்கொண்டாள்.

"இதுல இல்லை மேடம்."

"ஹா," என்றார் டி.எஸ்.பி. "பார்த்தியா? உன் கணக்குல ஒரு ஆள் குறையுது."

"குறைஞ்சா என்ன சார், பெரும்பான்மை இருக்கே," என்று ஏட்டையா சமாதானம் சொல்லப் போனார். இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அவள் மற்ற எல்லோரையும் மறந்துவிட்டிருந்தாள்.

"ஊகிக்கத்தானே சொன்னேன்?"

"ஆமா மேடம்."

"நேத்து நீங்க யாரையும் பார்க்கலை."

"பார்க்கலை."

"பார்க்காதவங்க எல்லாரும் யாரோ ஒருத்தரைக் காட்டினாங்க. நீங்க மட்டும் இதுல இல்லைன்னு சொல்றீங்க. இல்லைன்னு எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரும் மறுபடி கேட்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாதவள் போல நின்றாள். ஏட்டையாவாக இருந்திருந்தால் இந்நேரம் மேசையைத் தட்டியிருப்பார், மிரட்டியிருப்பார், தண்ணீர் கொடுத்திருப்பார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. நீலச் சட்டைக்காரர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அந்த மௌனம் நீண்டது. கேட்டவளுக்கு அது பாரமாகவே இல்லை, கேட்கப்பட்டவளால்தான் தாங்க முடியவில்லை என்பதை ஏட்டையா முதல்முறையாகக் கவனித்தார்.

"இவரைக் காட்டியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை," என்றாள் அந்தப் பெண். "கை வரலை மேடம்."

"யாரைப் பார்த்தீங்க?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவரும் நேத்து நீலச் சட்டைதான். பெட்டியோட இறங்கினப்ப என் மேல இடிச்சுக்கிட்டார். வாயைத் திறந்தா வேலை போயிடும்னு சொன்னார். மாமனார் என்னை நம்புவாரா, உன்னை நம்புவாரான்னு கேட்டார். எங்க வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

"பெட்டி?"

"கடைக்குள்ளதான் கொண்டு போனார். கண்ணாடி மாட்டிப் பார்க்கிறதுக்குப் பெரிய நிலைக்கண்ணாடி இருக்கும். அதுக்குப் பின்னாடி ஒரு அலமாரி."

டி.எஸ்.பி. எழுந்தார். ஏட்டையா அதற்கு முன்பே கதவருகில் இருந்தார். அவருக்கு வயது குறைந்தது போல இருந்தது.

"சார்," என்றார் மாப்பிள்ளையிடம், பல்லெல்லாம் தெரிய. "எனக்குக் கொஞ்ச நாளா எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது. உங்க கடையில ஒரு கண்ணாடி பார்க்கலாமா?"

"இன்னைக்குக் கடை லீவுங்க."

"பரவாயில்லை சார். எனக்கு நிலைக்கண்ணாடி மட்டும் போதும்."

மாப்பிள்ளையின் கையிலிருந்த போனில் மறுமுனை ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு வேன் கிளம்பத்தான் செய்தது. அதில் மாப்பிள்ளை இருந்தார். நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெட்டி முத்திரை வைக்கப்பட்டு ஏட்டையாவின் மேசைக்கு வந்திருந்தது. கடை நொடித்துக்கொண்டிருந்ததும், லென்ஸ்களுக்கு வேறொரு மருத்துவமனையில் ஆள் பார்த்து வைத்திருந்ததும் கேட்காமலே வெளியே வந்தன. கம்பெனிக்கு இன்ஸ்பெக்டரே போன் செய்து பேசினாள். மெக்கானிக் தன் சாவிக் கொத்தை வாங்கி, ஒவ்வொரு சாவியாகத் தடவிப் பார்த்துவிட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டான். நன்றி சொல்லாமலே போனான். ஏன் சொல்ல வேண்டும் என்று ஏட்டையாவுக்கும் தோன்றியது.

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரே மதியத்தில் ஆள் சுருங்கிவிட்டிருந்தார். "எனக்கு நல்லாத் தெரிஞ்சுதே," என்றார். "இவன்தான்னு சத்தியம் பண்ணியிருப்பேன்."

"காலையில வரிசையைப் பார்த்த பிறகுதான் சார் அவ்வளவு நல்லாத் தெரிஞ்சிருக்கும்," என்றாள் இன்ஸ்பெக்டர். "அந்தத் தப்பு எங்களோடது. அந்தப் பொண்ணோட வேலைக்கு ஒண்ணும் வராமப் பார்த்துக்குங்க."

அவர் தலையசைத்தார். எழுந்து, அந்தப் பெண் நின்ற பக்கமாக மெல்ல நடந்தார்.

டி.எஸ்.பி.யின் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். மேசையின் நடுவில் கோப்பு திறந்திருந்தது. கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிக்கூட முடித்திருந்தார்.

"எடுத்துக்கோம்மா. படிப்பு எப்ப முடியும்?"

"இன்னும் ஒரு வருஷம் சார்."

"ம்." அவர் கோப்பை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுத்துக்கொண்ட பிறகும் அவருடைய கை மேசை மேலேயே நீண்டிருந்தது. "அது முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வாரம் ஒரு நாள் மத்தவங்களுக்கும் வந்து சொல்லு. எனக்கும்."

"இனி எல்லாரும் புரொபசர்தான்," என்றார் ஏட்டையா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்தப் பேரை வச்சது நீங்கதான்னு தெரியும் ஏட்டையா," என்றாள் அவள், கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டி.எஸ்.பி. சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மௌனம் இப்போது இவருக்கும் தொற்றிக்கொண்டதா என்று ஏட்டையா யோசித்துக்கொண்டிருக்கும்போதே டி.எஸ்.பி. கேட்டார்:

"யோவ். போன மழைக்காலத்துல அந்த பெட்ரோல் பங்க் கேஸ். சாட்சி ஒரே ஒரு கிழவர். அதுக்கு வரிசை யார் போட்டது?"

"நான்தான் சார்."

"பக்கத்துல யாரை நிக்க வச்ச?"

ஏட்டையாவின் கை தன்னால் பெல்ட்டுக்குப் போனது. "நம்ம பசங்களைத்தான் சார். வழக்கம் போல."

"அந்த ஆள்?"

"உள்ளதான் சார் இருக்கான்."

மின்விசிறி மட்டும் பயந்து பயந்து சுழன்றது. கையிலிருந்த அனுமதிக் கோப்பை இன்ஸ்பெக்டர் மூடி ஓரமாக வைத்தாள். யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கேஸ் கட்டை எடுத்துட்டு வாங்க ஏட்டையா."

அவர் பதிவறையை நோக்கி நடந்தார். நடக்கும்போது அந்த ஆள் அன்று எப்படி நின்றான் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். நன்றாக நினைவிருந்தது. ஐந்து விறைத்த தோள்களுக்கு நடுவே, செருப்புக் காலோடு, பழக்கமில்லாத வீட்டு வாசலில் காத்திருப்பவனைப் போல, தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அந்தக் கிழவர் அவனைக் காட்ட ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஏட்டையாவைப் பார்த்ததும் குதிகாலை ஒட்டி நிமிர்ந்தான்.

"சாதாரணமா நில்லுடா," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.